வண்டு, சுண்ணாம்பு, பால்மரம்: மாற்றத்துக்கு மூன்று வழிகள்



‘பரிணாமம்’ என்றதும் நம்மில் பலருக்கு ஒரே படம்தான் ஞாபகத்துக்கு வரும். இடதுபக்கம் கூனிக்கொண்டு நடக்கும் குரங்கு, வலதுபக்கம் நெஞ்சை நிமிர்த்தி நடக்கும் மனிதன், நடுவில் நாலைந்து பேர் வரிசையாக. டீ-சட்டையில்கூட அது வந்துவிட்டது. அந்தப் படம் நமக்குச் சொல்லாமல் சொல்லிக்கொடுப்பது இரண்டு விஷயம். ஒன்று, மாற்றம் என்பது ஒரே நேர்க்கோட்டில் போகும். இரண்டு, கடைசியில் நிற்பவன்தான் உசத்தி. இரண்டுமே சரியில்லை.

ஏன் சரியில்லை என்பதுதான் இந்த மாதப் பாடம். உயிர்கள் மாறுகின்றன, ரசாயனப் பொருள்கள் மாறுகின்றன, நாம் செய்யும் கருவிகளும் மாறுகின்றன. மூன்றும் ஒரே மாதிரி மாறுகின்றனவா? இதைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். புக்கிட் தீமா, தாவரவியல் பூங்கா, லிட்டில் இந்தியா. மூன்றுக்கும் டவுன்டவுன் எம்ஆர்டி பாதையில் ஒரே ரயிலில் போய்விடலாம். எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் படிப்பு வட்டத்தில் நான் இதை நடத்தியபோது வந்த கேள்விகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல்

‘பரிணாமம்’ டார்வினுக்காகப் புதிதாக உண்டாக்கிய சொல் இல்லை. சாங்கிய தத்துவத்தில் பல நூற்றாண்டுகளாக இருக்கும் சொல். பால் தயிராவது பரிணாமம். காரணத்துக்குள் காரியம் ஏற்கெனவே மறைந்து இருக்கிறது, அது வெளிப்படுகிறது என்பது அந்தக் கருத்து. நம் சைவ சித்தாந்தமும் ‘சற்காரிய வாதம்’ என்று இதை ஏற்றுக்கொள்கிறது.

டார்வின் சொன்னது வேறு. மீனுக்குள் ஆமை மறைந்து காத்திருக்கவில்லை. பிள்ளைகள் பெற்றோரைப் போலவே, ஆனால் கொஞ்சம் வித்தியாசமாகப் பிறக்கின்றன. அந்த வித்தியாசங்களில் எது அந்த இடத்துக்குப் பொருந்துகிறதோ அது அதிகமாக மிஞ்சுகிறது. இதில் முன்கூட்டிய திட்டம் ஒன்றும் கிடையாது. சொல் ஒன்றுதான், பொருள் இரண்டு. இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

இங்கேயே ஒருத்தர் கை தூக்குவார்: “அப்போ தசாவதாரம்? மீன், ஆமை, பன்றி, நரசிம்மம்னு வரிசையா வருதே, நம்மாளுங்க அப்பவே சொல்லிட்டாங்கல்ல?” ஒவ்வொரு தடவையும் வரும் கேள்வி இது. வரிசையைப் பார்த்தால் அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் ‘அவதாரம்’ என்றால் இறங்கி வருதல் என்று பொருள். மச்சம் கூர்மமாக மாறவில்லை. ஒவ்வொரு முறையும் இறைவனே இறங்கி வருகிறான், ஒரு காரணத்துக்காக. அது அருளைப் பற்றிய பேச்சு. டார்வினுடையது வம்சத்தைப் பற்றிய பேச்சு. இரண்டையும் ஒட்டவைத்தால் இரண்டுக்கும் மரியாதை இல்லை. புராணத்துக்கு அறிவியலின் சான்றிதழ் தேவையில்லை.

வண்டு சொன்ன பாடம்

1854-இல் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் என்ற ஆங்கிலேயர் சிங்கப்பூரில் வந்து இறங்கினார். வயது 31. புக்கிட் தீமாவில் ஒரு பிரெஞ்சுப் பாதிரியாரின் இடத்தில் தங்கி, பூச்சிகளைப் பிடித்தார். சுமார் இரண்டு மாதத்தில் 700 வகை வண்டுகள் சேர்ந்தன! நீண்ட கொம்பு வண்டுகளில் மட்டும் 130 வகை. ஏறக்குறைய எல்லாமே ஒரு சதுர மைலுக்கு மேற்படாத காட்டுத் துண்டில் கிடைத்தவை. அங்கே சீனத் தொழிலாளர்கள் மரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். விழுந்த மரமும் பட்டையும் மரத்தூளும் வண்டுகளுக்கு விருந்தாகிவிட்டன என்று அவரே எழுதியிருக்கிறார். மனிதனின் வேலையும் உயிர்களின் வாழ்க்கையும் அன்றைக்கே பின்னிக்கிடந்தன, பாருங்கள்.

இத்தனை வகை எதற்கு? இந்தக் கேள்வியோடு அவர் சரவாக் போனார், பிறகு கிழக்கே இருக்கும் தீவுகளுக்குப் போனார். 1855-இல் சரவாக்கில் ஒரு கட்டுரை எழுதினார்: புதிய இனம் ஒவ்வொன்றும், அதற்கு நெருங்கிய உறவான பழைய இனம் இருந்த இடத்திலும் காலத்திலும்தான் தோன்றியிருக்கிறது என்று. 1858-இல் காய்ச்சலில் படுத்திருந்தபோது, ‘எப்படி’ என்பதற்கும் விடை கிடைத்தது. எழுதி டார்வினுக்கு அனுப்பினார். டார்வின் அதே விடையோடு பல வருடமாக இங்கிலாந்தில் உட்கார்ந்திருந்தார். 1858 ஜூலை 1-ஆம் தேதி லண்டன் லின்னியன் சங்கத்தில் இருவர் எழுத்தும் சேர்த்தே வாசிக்கப்பட்டன.

பட்டை நிறத்தில் ஒரு வண்டு, பளிச்சென்ற நிறத்தில் இன்னொன்று. பறவைக்கு எது கண்ணில் படும்? மிஞ்சினது எதுவோ அதுதான் முட்டையிடும். அதன் நிறம்தான் அடுத்த தலைமுறைக்குப் போகும். இதற்கு மூன்று விஷயம் போதும்: வித்தியாசம், வாரிசு, தேர்வு. வண்டு யோசிக்கவில்லை, காடும் யோசிக்கவில்லை. உயிர்களுக்கு நினைவு உண்டு, அது டிஎன்ஏ-வில் இருக்கிறது. ஆனால் முன்யோசனை கிடையாது.

சுண்ணாம்பு சொன்ன பாடம்

அடுத்து லிட்டில் இந்தியா. சிராங்கூன் சாலையில் இருக்கும் ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயிலைப் பழையவர்கள் ‘சுண்ணாம்பு கம்பம் கோயில்’ என்பார்கள். பக்கத்திலேயே கம்போங் கப்போர் சாலை இருக்கிறது. ‘கப்போர்’ என்றால் மலாயில் சுண்ணாம்பு. இந்த வட்டாரத்தில் ஒரு காலத்தில் சுண்ணாம்புச் சூளைகள் எரிந்தன. பெயர் மட்டும் மிச்சம்.

சூளையில் என்ன நடந்தது? கிளிஞ்சலும் பவளக்கல்லும் கால்சியம் கார்பனேட். சுமார் 900 டிகிரி சூட்டில் கரியமில வாயு பிரிந்துபோகும்; மிஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறும். அதைச் சுவரில் பூசினால், காற்றில் இருக்கும் கரியமில வாயுவை மெல்ல இழுத்துக்கொண்டு மறுபடி கால்சியம் கார்பனேட்டாகவே இறுகிவிடும். கிளிஞ்சல் ஒரு சுற்றுச் சுற்றி, சுவராக நிற்கிறது.

இந்த மாற்றத்தில் வாரிசு கிடையாது, தேர்வு கிடையாது. இன்றைக்குச் சூளை வைத்தாலும் இதுதான் நடக்கும், ஆயிரம் வருடம் கழித்து வைத்தாலும் இதேதான். சுவர் குட்டி போடாது. சாங்கியர் சொன்ன பால்-தயிர் கணக்குக்கு ரசாயனம்தான் பக்கம். அந்தப் பொருளுக்குள் என்ன சாத்தியம் இருக்கிறதோ அது, தகுந்த சூடும் ஈரமும் கிடைத்தால், வெளிப்படும். ரசாயனத்துக்கு நினைவும் இல்லை, முன்யோசனையும் இல்லை. விதி மட்டும் உண்டு.

ஆனால் அந்த விதிதான் உயிர்களுக்கும் கருவிகளுக்கும் எல்லை போடுகிறது. கடலில் கால்சியமும் கார்பனேட்டும் தாராளம். அதனால்தான் நத்தை வம்சமும் பவளமும், கண்ணுக்குத் தெரியாத எத்தனையோ கடல் நுண்ணுயிர்களும், ஒன்றையொன்று பார்க்காமலே, அதே பொருளில் வீடு கட்டின. வேறு வேறு வழியில் வந்து ஒரே விடையில் நிற்பதற்கு ‘ஒருங்குபரிணாமம்’ என்று பெயர். வாலஸும் டார்வினும் ஒரே விடைக்கு வந்ததும் ஏறக்குறைய அப்படித்தான். இருவரும் தீவுகளில் அலைந்தவர்கள். மக்கள்தொகை பற்றி மால்தஸ் எழுதியதை இருவரும் படித்தவர்கள். உள்ளே போனது ஒன்றாக இருந்தால் வெளியே வருவதும் ஒன்றாக இருக்கும்.

இன்னொன்றும் பாருங்கள். 1862-இல் அர்ப்பணிக்கப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியது இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். சுவருக்குப் பூசியது ‘மெட்ராஸ் சுண்ணம்’. கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர், இவ்வளவும் சேர்ந்த கலவை. காய்ந்த பிறகு தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். சிப்பியின் ஓட்டிலும் சுண்ணாம்போடு கொஞ்சம் புரதம் கலந்திருக்கிறது. ஓடு சுலபமாக உடையாமல் இருப்பதற்கு அது ஒரு காரணம். சிப்பி கண்டுபிடிக்கக் கோடிக்கணக்கான வருடம் ஆனது. நம் கொத்தனார்கள் தலைமுறை தலைமுறையாகக் கலந்து பார்த்து, கைப்பழக்கத்தில் அந்தப் பக்கமே வந்து சேர்ந்தார்கள். இரண்டும் ஒரே வேலைதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் பக்கத்துப் பக்கத்து வீடு.

கருவிகள் மாறும் விதம்

தேக்காவில் பாத்திரக் கடைக்குள் நுழைந்தால் மாவு அரைக்கும் கிரைண்டர் வரிசையாக இருக்கும். பாட்டி காலத்து ஆட்டுக்கல்லில் உரல் அசையாது, குழவி சுற்றும். 1950-களில் கோயம்புத்தூரில் உருவான கிரைண்டரில் அது தலைகீழ்: உரல் சுற்றுகிறது, குழவி அதே இடத்தில் நிற்கிறது. ஆட்டுக்கல்லுக்கும் கிரைண்டருக்கும் உள்ள உறவு தாய்-மகள் உறவு. ஆனால் அந்த மோட்டார்? அது ஆட்டுக்கல்லின் வம்சத்தில் வந்ததே இல்லை. வேறு குடும்பத்திலிருந்து வாங்கியது.

இதுதான் பெரிய வித்தியாசம். யானைக்குச் சுறாவின் செவுள் பிடித்திருந்தாலும் வாங்க முடியாது. கருவிகள் யாரிடமிருந்தும் எதையும் வாங்கிக்கொள்ளும். உயிர்களிலும் பாக்டீரியாக்கள் தங்களுக்குள் மரபணுவைக் கைமாற்றிக்கொள்கின்றன. மருந்துக்கு அடங்காத கிருமிகள் வேகமாகப் பெருகுவதற்கு அது ஒரு காரணம். ஆக, கருவிகளுக்கு நினைவும் உண்டு, முன்யோசனையும் உண்டு, கடன் வாங்கும் வசதியும் உண்டு. அதனால்தான் அவற்றின் வேகம் அப்படி.

அதற்காகக் கருவிகள் பழசை மறந்துவிடுவதில்லை. குளிரில் நமக்கு ஏன் மயிர் சிலிர்க்கிறது? உடம்பெல்லாம் ரோமம் இருந்த மூதாதைகளுக்கு அது கதகதப்புத் தந்தது. நமக்குப் பயன் போய்விட்டது, பழக்கம் நிற்கிறது. அதேபோல், எல்இடி குத்துவிளக்கு. திரி இல்லை, எண்ணெய் இல்லை, ஆனால் பல்பு சுடர் வடிவத்தில். பிளாஸ்டிக் மாவிலைத் தோரணமும் அப்படித்தான், நடு நரம்புகூட அச்சில் இருக்கும். எங்கள் வட்டத்தில் ஒரு தங்கை கேட்டார்: “அண்ணே, அப்போ நம்ம சடங்குலயும் இப்படிச் சுடர் போன பல்பு இருக்குமா?” நல்ல கேள்வி. அதற்கு நான் பதில் சொல்லவில்லை, உங்களுக்கும் சொல்லப்போவதில்லை. வீட்டில் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள்.

மூன்றும் சேரும் இடம்: பால்மரம்

கடைசியாகப் பூமலை. தாவரவியல் பூங்காவுக்கு நம் தாத்தா பாட்டிகள் வைத்த பெயர். 1859-இல் தொடங்கியது, 2015-இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தலமானது. பிரேசில் காட்டு ரப்பர் மரத்தின் விதைகள் 1876-இல் லண்டன் கியூ தோட்டத்துக்குப் போயின. அங்கே முளைத்த கன்றுகளில் 22, 1877-இல் இங்கே வந்து சேர்ந்தன.

ரப்பர் மரத்துக்குப் பால் எதற்கு? டயர் செய்வதற்காகவா? இலையையும் பட்டையையும் கடிக்கும் பூச்சியின் வாயில் ஒட்டிக்கொள்ள, காயத்தை மூட. எருக்கும் ஆலும் பலாவும்கூடப் பால் வைத்திருக்கின்றன. மனிதன் அதை வேறு வேலைக்கு எடுத்தான். 1770-இல் வேதியியலாளர் பிரீஸ்ட்லி, பென்சில் கோட்டை இது அழிக்கிறது என்று குறித்தார். 1839-இல் குட்இயர் அதைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினார். வெயிலில் உருகாத, குளிரில் வெடிக்காத ரப்பர் பிறந்தது. 1888-இல் டன்லப் காற்றடைத்த டயர் செய்தார். அதே 1888-இல் பூமலைக்கு ஹென்றி ரிட்லி பொறுப்பாளராக வந்தார். மரத்தைச் சாகடிக்காமல் மீன்முள் வடிவத்தில் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். கண்ணில் பட்ட தோட்டக்காரர்களிடமெல்லாம் ‘ரப்பர் நடுங்கள்’ என்று விதையைத் திணித்தார். ‘பைத்தியக்கார ரிட்லி’ என்று பட்டம் வைத்தார்கள். கார் வந்ததும் சிரிப்பு நின்றது.

இந்த ஊர்க் காட்டிலேயே இன்னொரு பால்மரம் இருந்தது: கட்டாபெர்ச்சா. ரப்பரும் அதுவும் ரசாயனத்தில் ஒரே செங்கல், ஐசோப்ரீன். அடுக்கிய விதம்தான் வேறு. ஒரு விதமாக அடுக்கினால் இழுபடும், இன்னொரு விதமாக அடுக்கினால் கெட்டியாகிவிடும். 19-ஆம் நூற்றாண்டில் கடலடித் தந்திக் கம்பிக்கு உறை போட கட்டாபெர்ச்சாவைவிடச் சிறந்தது கிடையாது. 1871-க்குள் சிங்கப்பூரையும் சென்னையையும் இணைத்த கம்பியும் அந்தக் காலத்தது. அந்த மரத்தை வெட்டிச் சாய்த்துத்தான் பால் எடுத்தார்கள். காடுகளில் அது ஏறக்குறைய அழிந்தே போனது. பிறகு பாலித்தீன் வந்தது, கட்டாபெர்ச்சாவுக்கு மவுசு போனது. இன்றைக்குப் பல் மருத்துவர் வேர் சிகிச்சை செய்த பல்லை அடைக்கும்போது அதைப் பார்க்கலாம்.

‘தகுதி’ என்பது யாருடைய தகுதி?

இந்தப் பாடத்தை நான் எழுத உட்கார்ந்ததற்கு உண்மையான காரணம் இனிமேல்தான்.

எங்கள் வட்டத்தில் ஒரு தம்பி. ‘ஒ’ நிலைத் தேர்வு முடிவு வந்த வாரம். ‘வலியது பிழைக்கும்’ என்று யாரோ சொன்னதும் சிரித்துக்கொண்டே சொன்னார்: “அப்போ ஐடிஇ போற நாங்கெல்லாம் எவல்யூஷன்ல தோத்த கூட்டம்தானே அண்ணே?” எல்லாரும் சிரித்தார்கள். அவர் கண் சிரிக்கவில்லை.

தம்பி, முதல் விஷயம். அந்த வாசகத்தை உண்டாக்கியது ஹெர்பர்ட் ஸ்பென்சர், 1864-இல். டார்வின் பிறகுதான் எடுத்துக்கொண்டார். ‘வலியது’ என்ற மொழிபெயர்ப்பும் தப்பு. ‘பொருந்தியது’ என்பதே சரி. எதற்குப் பொருந்தியது? அந்த இடத்துக்கு, அந்த நேரத்துக்கு.

பால்மரத்தையே பார். 1928-இல் ஃபோர்டு நிறுவனம் அமேசானில், அந்த மரத்தின் சொந்த மண்ணிலேயே, பெரிய தோட்டம் போட்டது. மரங்களை நெருக்கமாக நட்டதும் இலைக்கருகல் பூஞ்சை ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவியது. 1945-இல் கைவிட்டார்கள். அதே மரம் மலாயாவில் மைல் கணக்கில் செழித்தது. அந்தப் பூஞ்சை இங்கே வந்து சேரவில்லை, அவ்வளவுதான். மரம் மாறவில்லை. அங்கே தோற்றது, இங்கே ஜெயித்தது. எது தகுதியான மரம் என்று நீயே சொல்.

இரண்டாவது விஷயம். அந்த மரம் தானாக ஜெயிக்கவில்லை. விடியும் முன் பெரட்டுக்கு நின்று, நிரை பிடித்து, உளியால் பால் வெட்டி, மங்கில் வடிந்ததை வாளியில் சுமந்தவர்கள் பெரும்பாலும் நம் ஊர்க்காரர்கள். கங்காணியை நம்பிக் கப்பலேறியவர்கள். அவர்கள் லயத்து வீட்டில் இருந்ததும் துரை பங்களாவில் இருந்ததும் இயற்கையின் தேர்வா? இல்லை. அது கூலியும் சட்டமும் செய்த ஏற்பாடு. மனிதர் செய்த ஏற்பாட்டை இயற்கையின் தலையில் போடுவது பழைய தந்திரம். நிறத்தை வைத்தும் இனத்தை வைத்தும் அப்படிச் சொன்னார்கள். நம் சொந்த வீட்டுக்குள் சாதியை வைத்தும் அப்படிச் சொன்னவர்கள் உண்டு. பரிணாமத்தைப் படித்தவர் அதை நம்பக் கூடாது.

மூன்றாவது. வண்டுக்குத் தன் காட்டை மாற்ற முடியாது. நமக்கு முடியும். பொருந்தாத இடத்தில் ஒரு பிள்ளை திணறினால் பிள்ளையை மட்டும் இல்லை, இடத்தையும் மாற்றலாம். முன்யோசனை என்ற வசதி நமக்கு எதற்காக இருக்கிறது?

அதே முன்யோசனையை மரத்துக்கும் காட்ட வேண்டும். ஆசியத் தோட்டங்களின் ரப்பர் மரங்களில் மிகப் பெரும்பாலானவை அந்த ஒரே விதைத் தொகுதியின் வாரிசுகள். வித்தியாசம் குறைவு. இலைக்கருகல் பூஞ்சை ஒரு நாள் இங்கே வந்தால் தாங்கும் மரம் எத்தனை இருக்கும் என்பது விஞ்ஞானிகளின் நிஜமான கவலை. வாலஸ் பிடித்த 700 வகை வண்டுகள் இருந்த காடு அப்படி இல்லை. ஒரு வகை போனாலும் இன்னொன்று நிற்கும். பலவிதமாக இருப்பது அழகுக்காக மட்டும் இல்லை. அடுத்த ஆபத்து எந்தப் பக்கமிருந்து வரும் என்று யாருக்கும் தெரியாது.

கூடிப் பேசுவதற்கு

1. உங்கள் வீட்டில் ஒரு கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தாய் யார்? கடன் வாங்கியது எதை? வேலை போயும் வடிவம் மட்டும் நிற்பது எது?

2. ரசாயனத்துக்கு விதி, உயிருக்கு நினைவு, கருவிக்கு முன்யோசனை என்று பார்த்தோம். மொழி இந்த மூன்றில் எதோடு சேரும்? நாம் பேசும் சிங்கப்பூர்த் தமிழை வைத்துச் சொல்லுங்கள்.

3. ‘திறமையுள்ளவன் முன்னேறுவான்’ என்ற பேச்சில் எவ்வளவு திறமை, எவ்வளவு மண்? உங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையை எடுத்துப் பேசுங்கள். தோட்டத்தில் பால் வெட்டியவர் யாராவது இருந்தால் அவரிடமிருந்தே தொடங்குங்கள்.